மலையகத் தோட்டங்களில் சிசுக் கல்வியும் திறந்தவெளியும்

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் முதலிய தேயிலைப் பிரதேசங்களில் பிள்ளைக்காம்பரா என்றும், பிள்ளை மடுவம் என்றும், அண்மைக்காலத்தில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்றும் வழங்கப்படும் பராமரிப்புக் கூடமே, தோட்டத்துக் குழந்தை பெற்றோரைப் பிரிந்து அமரும் முதல் இடமாகும். இயற்கைச் சூழலையே பாடசாலையாகக் கொள்ளும் சிசுக் கல்வி, இத்தனை பசுமைக்கு நடுவிலே ஏன் வேரூன்றாது போயிற்று என்று ஆராய்வோர் இக்கூடத்தின் சரித்திரத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக நட்டதும், இரண்டு ஆண்டுகளின் பின் கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பற்றத் தொடங்கியதும் மலைநாட்டு வாழ்க்கையை அடியோடு மாற்றிவிட்டன. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டுமே ஆள் மிகுதியாக வேண்டியிருக்க, தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகளைக் கேட்டமையால், திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை முதலிய சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தோர் லயங்களில் நிரந்தரமாகக் குடியமர்ந்தனர். காலைப் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து கூடையுடன் மலையேறும் தாய், பால்குடி மறவாத பிள்ளையை ஆயாவிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டியவளானாள். கூரைச் சட்டத்தில் பழஞ்சேலைத் தூளிகள் வரிசையாகத் தொங்கிய அக்காம்பரா, கொழுந்து தடைப்படாதிருக்கும் பொருட்டு எழுந்ததேயன்றி, குழந்தையின் புத்தி விருத்தியை எண்ணி எழுந்ததன்று. இந்தப் பிறப்புக் குறை நெடுங்காலம் அதனை விட்டு நீங்கவில்லை.

சட்டத்தின் பார்வையும் சிசுக்களின் மேல் விழவில்லை. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் கடமையைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்புவித்தது; 1920ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வயதிற்குட்பட்டோரைக் காலை பத்து மணிக்கு முன் வேலை வாங்குவதைத் தடுத்தது. ஆறு வயதிற்கு முந்திய பருவம் ஆயாவின் பொறுப்பாகவே நின்றது.

அதே காலத்தில் வெளியுலகில் சிசுக் கல்வி வேறொரு வழியிற் சென்றுகொண்டிருந்தது. 1837இல் ஜெர்மனியில் ஃபிரோபெல் தொடங்கிய நிலையம், மூன்று ஆண்டுகளின் பின் குழந்தைகளின் பூங்கா என்று பொருள்படும் பெயரைப் பெற்றது. 1901இல் தாகூர் சாந்திநிகேதனத்து மரநிழலை வகுப்பறையாக்கினார். 1914இல் மார்கரெட் மக்மில்லன் லண்டனின் ஏழைகள் பகுதியாகிய டெட்ஃபோர்டில் திறந்தவெளிச் சிசுப்பள்ளி கண்டார். 1944இல் மரியா மொன்டிசோரி அம்மையார் இலங்கைக்கே வந்து விரிவுரைகள் நிகழ்த்தினார். இன்றும் இந்நாட்டில் முன்பள்ளிகளை மொன்டிசோரி என்றே பலர் அழைக்கின்றனர்.

எனினும் மலையகத்துக்கு மிக நெருங்கிய முன்மாதிரி, தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் மேற்கிந்தியாவின் கோஸ்பாடில் நடத்திய பணியே என்பது எம் கருத்து. 1945இல் போர்டியில் தொடங்கி, 1957இல் கோஸ்பாடுக்கு இடம்பெயர்ந்த அந்நிலையம், மாடு மேய்க்கும் ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கு வர இயலாமையைக் கண்டு, பள்ளியையே மேய்ச்சற்புல்வெளிக்குக் கொண்டு சென்றது. கூழாங்கல்லும் விதையும் இலையுமே அங்கே பாடசாதனங்கள். உழைப்பவரின் பிள்ளைக்கு அவர் உழைக்கும் நிலத்திலேயே மதிப்புடன் கல்வி தரலாம் என்பதை அது நிரூபித்தது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டப் பாடசாலைகளும் அரசாங்கத்தின் பொறுப்பாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றபோது, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என வழங்கும் ஸ்தாபனம் சமூக நலப் பணிகளை ஏற்றது. தூளிக்கு மாற்றாகத் தொட்டிலும், ஆயாவின் இடத்திற் பயிற்சி பெற்ற அலுவலரும் வரலாயினர். 2004இல் ஆரம்பப் பிள்ளைப்பருவத்துக்கான தேசியக் கொள்கையும் வகுக்கப்பட்டது. சுவர்களுக்குள் நிகழ்ந்த இம்முன்னேற்றம் உண்மையானது. வாசலுக்கு வெளியே வரத்தான் இன்னும் தயங்குகிறது.

தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. ஹட்டன் பக்கத்தில் வைகாசி பிறந்தால் மழை விடாது. தை, மாசியில் நுவரெலியாப் புல்வெளி உறைபனியால் வெளுக்கும். அட்டைக்கடி சிறு துன்பமே. குளவிக் கூடோ உயிரைக் குடிப்பது. களைநாசினி தெளித்த மலையிற் பிள்ளைகளை நடக்க விடலாகாது. இவற்றினும் ஆழமான தடை பெற்றோரின் நெஞ்சில் இருக்கிறது. தம் பிள்ளையேனும் கொழுந்துக் கூடையிலிருந்து விடுபட வேண்டும் என்று தவமிருக்கும் தாய்க்குக் கல்வியென்பது பலகையும் புத்தகமும் சீருடையுமே. பிள்ளையைத் தேயிலைச் செடியருகே அழைத்துச் சென்று இதுவும் படிப்பென்றால் அவள் ஐயுறுவது முற்றிலும் நியாயம். ஆதலின் இங்கு நிகழும் திறந்தவெளிக் கல்வி எக்காரணத்தாலும் தொழிற்பயிற்சியாக மாறிவிடலாகாது.

அதற்கு வேண்டிய பொருள் ஏராளம். பீலியில் விழும் நீரைச் சிரட்டையால் அளக்கும் பிள்ளை கணக்கின் வாயிலை அடைகிறது; நிழல் மரத்தின் பட்டையைத் தடவி, மூடுபனிக்குள் கேட்கும் பறவையின் குரலைப் பிரித்தறியும் பிள்ளை விஞ்ஞானத்தைத் தொடங்குகிறது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் போன்ற செல்வம், பாடுவதற்கும் கதை சொல்வதற்கும் உரியதாய்க் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

குறைவது நிலம் ஒன்றே. நூற்றுக்கணக்கான ஏக்கர் விரிந்த தோட்டத்திலும் பிள்ளைகளுக்கென வேலியிட்ட, மருந்து தெளிக்கப்படாத சமதரை கிடைப்பது அரிது. ஒவ்வொரு சிறுவர் நிலையத்தின் பக்கத்திலும் கால் ஏக்கர் நிலத்தையேனும் செடியின்றி விட்டு, மழைக்கு ஒரு கூரையும் அமைத்துத் தருமாறு தோட்ட நிர்வாகங்களைத் தொழிற்சங்கங்களும் பெற்றோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.