வேகத்துக்குத் திசை உண்டா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் ஒரு இரவு, சித்தாண்டியில் நான் படிப்பிக்கிற தரம் 10 பிள்ளை ஒருத்தி வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாள். "சேர், வேகத்துக்குத் திசை இரிக்கா இல்லையா? நீங்க இரிக்கு எண்டு சொன்னீங்க. சாட்ஜிபிடி இல்லை எண்டு சொல்லுது."

முதலில் சிரிப்பு வந்தது. அவள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூலின்படி அந்தப் பதில் சரி. அங்கே 'வேகம்' என்பது நம்முடைய 'கதி'; அதற்குத் திசை கிடையாது. நம்முடைய 'வேகம்' அங்கே 'திசைவேகம்'. ஆர்முடுகல் அங்கே முடுக்கம், ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. இவற்றைப் பிள்ளை எப்படியாவது ஊகித்துக்கொள்ளும். ஆனால் ஒரே சொல் இரண்டு பொருளில் வந்தால் என்ன செய்யும்? சாதாரண தரப் பரீட்சையில் வேகம் எண்ணிக் கணியம் என்று எழுதினால் புள்ளி இல்லை.

இந்தப் பிரிவு எப்போது வந்தது? 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம்முடைய காரைதீவு விபுலாநந்த அடிகள். விஞ்ஞானப் பட்டதாரி, கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்தை எழுப்பியவர். அந்த முயற்சியில் 1938இல் கலைச்சொல் அகராதி வெளிவந்தது. அன்று இரு கரைக்கும் ஒரே மேசை இருந்தது. பிறகு சுயமொழிக் கல்விக்காக 1950களில் இங்கே அரசகரும மொழித் திணைக்களம் தனியாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாடு தன் வழியில் போனது. இணையத்தில் இன்று கூடுதலாகக் கிடப்பது அவர்களுடைய தமிழ். இயந்திரம் அதைத்தான் அதிகம் வாசித்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் எழுதினார்கள்.

இனி அமெரிக்காவுக்கு ஒரு நடை. இலினோய் பல்கலைக்கழகம் 1960இலேயே 'பிளேட்டோ' என்ற கணினி முறையால் பாடம் நடத்திப் பார்த்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2016. ஜோர்ஜியா டெக் நிறுவனத்தில் பேராசிரியர் அஷோக் கோயல் இணையவழியாக ஒரு பாடம் நடத்தினார். சுமார் 300 மாணவர்கள், ஒரு பருவத்தில் ஏறக்குறைய 10,000 செய்திகள். உதவி ஆசிரியர்களால் சமாளிக்க முடியவில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் 'வட்சன்' தொழில்நுட்பத்தில் ஜில் வட்சன் என்றொரு உதவியாளரை உருவாக்கினார்கள். அதற்கு ஊட்டியது, அதே பாடத்தில் முன்னைய மாணவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு வந்த பதில்களும், கிட்டத்தட்ட 40,000 பதிவுகள். தொடக்கத்தில் பிழையாகப் பதில் சொன்னது; மனித உதவியாளர்கள் பார்த்த பின்னரே வெளியே விட்டார்கள். பிறகும் 97 சதவீதம் உறுதி இருந்தால் மட்டும் அது வாய் திறந்தது. பருவ முடிவு வரை பதில் சொல்வது இயந்திரம் என்று மாணவர்களுக்குத் தெரியாது. (இந்த ஒளிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளைகளுக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன்.)

அந்த 40,000இல்தான் என் மனம் நிற்கிறது. நம்மிடமும் அப்படி ஒன்று இருந்தது. 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு நாங்கள் என்ன செய்தோம்? ஸூம் பிடிக்கவில்லை, டேட்டா இல்லை, ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் வாப்பாவோ அப்பாவோ வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். ஆகவே வட்ஸ்அப் குழுதான் வகுப்பறை. இரவு பத்து மணிக்குப் படம் எடுத்து அனுப்பிய கணக்குகள், நாங்கள் குரலில் சொன்ன விளக்கங்கள், பிள்ளைகளின் சந்தேகங்கள், எல்லாம் நம்முடைய பாடநூல் தமிழில். பாடசாலை திறந்ததும் குழுக்களைக் கலைத்தோம். போனில் இடமில்லை என்று நானே பாதியை அழித்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

மிஞ்சியதை வைத்து ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறேன். தரம் 10, 11 விஞ்ஞானச் சொற்களை இரு கரைத் தமிழிலும் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். பிள்ளைகள் அந்தப் பட்டியலை முதலில் ஒட்டி, "இந்தச் சொற்களில் பதில் சொல்" என்று கேட்டுவிட்டுத்தான் கேள்வியைப் போடுகிறார்கள். பெரும்பாலும் சரியாக வருகிறது. சில நேரம் பாதியில் முடுக்கம் என்று தாவிவிடும். அதைப் பிடித்துத் தருகிற பிள்ளைக்கு வகுப்பில் கைதட்டல். அந்தக் குரல் பதிவுக்காரிதான் இப்போது முன்னணி.

2020, 2021 வட்ஸ்அப் குழுக்களை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிற ஆசிரியர்கள் இருந்தால், பிள்ளைகளின் பெயரையும் நம்பரையும் எடுத்துவிட்டு, கேள்வியையும் பதிலையும் மட்டும் இன்பொக்ஸில் அனுப்புங்கள். விஞ்ஞானம்தான் வேண்டும் என்றில்லை, கணிதமும் எடுப்பேன்.