மலாக்கா வந்த வாலசும் மாணவியின் வினாவும்



பல ஆண்டுகளுக்கு முன், அறிவியல் பாடவேளையில் தோட்டத்து மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, மனிதன் குரங்கிலிருந்தா வந்தான்?" என்று வினவினாள். வகுப்பே சிரித்தது. "அது தேர்வுக்கு வராது, உட்காரம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. அவ்வினாவின் வரலாற்றில் நம் மலாக்காவுக்கும் ஓர் இடமுண்டு என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

1854ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கையியலாளர் சிங்கப்பூரிலிருந்து மலாக்கா வந்தார். டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிடுவதற்கு 42 ஆண்டுகள் முந்தைய காலம் அது. காடிங்கிலும் ஆயர் பானாசிலும் தங்கிப் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். காய்ச்சலில் விழுந்து, கொயினா மருந்துண்டு தேறினார். பின்னர் குனோங் லேடாங் மலையேறினார். வழியில் குடுவைச் செடியின் நீரைப் பருகித் தாகம் தணித்ததை 1869இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதியுள்ளார்.

அடுத்த ஆண்டு சரவாக்கில் இருந்தபோது, ஒவ்வோர் உயிரினமும் தனக்கு நெருங்கிய முந்தைய இனம் ஒன்றை அடுத்தே தோன்றியுள்ளது என்று கட்டுரை வரைந்தார். அங்கே ஓராங் ஊத்தான் ஒன்றைச் சுட்ட அவரே, தாயிழந்த அதன் குட்டிக்குக் கஞ்சித்தண்ணீர் ஊட்டி வளர்த்தார். அது மனிதக் குழந்தையைப் போலவே அழுதது. ஏறத்தாழ மூன்று திங்களில் இறந்தது. 1858 ஜூலை 1ஆம் நாள் அவருடைய கட்டுரையும் டார்வினின் எழுத்துகளும் இலண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன.

உருவ ஒற்றுமையை வாலஸ் கண்டார். மரபணுவைக் காணும் வாய்ப்பு அவருக்கு இல்லை. 2005இல் சிம்பன்சியின் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. ஒப்பிடத்தக்க பகுதிகளில் எழுத்துக்கு எழுத்து நோக்கின், நமக்கும் அதற்கும் வேறுபாடு ஏறத்தாழ 1.2 விழுக்காடே. 2011இல் வெளியான ஓராங் ஊத்தானின் தொகுதி சுமார் 97 விழுக்காடு ஒத்திருந்தது.

ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகுமா என்று கேட்கலாம். ஆசிரியர்களாகிய நமக்கு ஒன்று தெரியும். இருவர் ஏட்டில் ஒரே சரியான விடை இருந்தால் ஐயமில்லை. ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருந்தால், இரண்டுக்கும் மூலம் ஒன்று என்று அறிவோம். பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. அதற்கான மரபணு நம்மிடம் பழுதுபட்டுக் கிடக்கிறது. வாலில்லாக் குரங்குகளிடமும் அதே மரபணு பழுதாகவே உள்ளது. கீழைக்கடலுக்கு வந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் ஈறு வீங்கி மாண்டது இப்பழுதினால்தான்.

இன்னொரு சான்றும் உண்டு. பெரிய வாலில்லாக் குரங்குகளுக்குக் குரோமோசோம்கள் 24 இணை, நமக்கு 23. நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவே, இரு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு 1991இல் கண்டறியப்பட்டது.

ஆகவே, இன்று மரத்தில் தாவும் குரங்கு நம் பாட்டன் அன்று. பன்னெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையின் வழிவந்த பங்காளிகள் நாம். சாதியும் இனமும் பேசி உயர்வு தாழ்வு கற்பிப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாளோ, அறியேன். உங்கள் பிள்ளைகள் இதே வினாவைக் கேட்டால், அன்புகூர்ந்து உட்காரச் சொல்லாதீர்கள்.