மாருத்தும் அதற்குக் கிடைக்காத எஞ்சினும்

பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலையில், மாரத்தஹள்ளிக்குப் போகும் வழியில், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்களோடு அங்கே ஒரு நாள் சென்றிருந்தேன். கட்டடத்தின் உள்ளே 1940 முதல் ஆண்டுவாரியாகப் படங்களும் எஞ்சின்களும் உள்ளன. வெளியே திறந்த வெளியில் உண்மையான விமானங்கள் நிற்கின்றன. 1951-இல் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானம், சிறிய புஷ்பக், கிரண், அஜீத், மிக்-21 என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

எச்.எஃப்.-24 மாருத்தின் முன்னே வந்ததும் ஒரு மாணவர் நின்றுவிட்டார். "சார், பார்வைக்கு எல்லாவற்றிலும் இதுதான் வேகமானது போலிருக்கிறது. இதைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே?" என்றார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லி முடிக்க அன்று மதியம் வரை ஆயிற்று.

மாருத்தை உருவாக்கியவர் குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியர். இரண்டாம் உலகப்போரில் பெயர்பெற்ற ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானம் இவருடைய படைப்பு. போருக்குப் பின் அர்ஜென்டினாவில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1956-இல் தம் குழுவினருடன் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். ஒலியின் வேகத்தைப் போல் இருமடங்கு, அதாவது மாக் 2 வேகத்தில் பறக்கும் போர்விமானம் வேண்டுமென்று நம் விமானப்படை கேட்டிருந்தது. அதுவரை பயிற்சி விமானங்களையே சொந்தமாக வடிவமைத்திருந்த ஒரு தொழிற்சாலைக்கு இது சாமானியமான வேலையன்று.

வேலையை அவர்கள் தொடங்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் மரத்தாலேயே முழு அளவில், எஞ்சின் இல்லாத ஒரு விமானத்தைச் செய்தார்கள். 1959-இல் அதை ஒரு டக்கோட்டா விமானத்தின் பின்னால் கயிற்றில் கட்டி மேலே இழுத்துச் சென்று அவிழ்த்துவிட்டார்கள். அது சறுக்கிப் பறந்து இறங்கும்போது வடிவத்தின் குணம் தெரிந்தது. அதன் பிறகே உலோக விமானம். 1961 ஜூன் 17 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் முதல் மாருத்தை ஓட்டினார்.

விமானத்தின் பக்கவாட்டில் நின்று பார்த்தால், இறக்கை சேரும் இடத்தில் உடல் உடுக்கையைப் போலச் சற்று ஒடுங்கியிருப்பது தெரியும். இது அழகுக்காகச் செய்ததன்று. ஒலிவேகத்தை நெருங்கும்போது விமானத்தைச் சுற்றி அதிர்ச்சியலைகள் உண்டாகிக் காற்றுத்தடை திடீரென ஏறுகிறது. மூக்கிலிருந்து வால்வரை குறுக்குவெட்டுப் பரப்பு சீராக மாறினால் இந்தத் தடை குறையும் என்பதை 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரிச்சர்ட் விட்கோம்ப் கண்டறிந்தார். இறக்கை வந்து பரப்பைக் கூட்டும் இடத்தில் உடலைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த விதி சில ஆண்டுகளிலேயே பெங்களூருக்கு வந்துவிட்டது.

வராதது எஞ்சின்.

டாங்க் நம்பியிருந்தது பிரிட்டனின் ஆர்ஃபியஸ்-12 என்னும் ஜெட் எஞ்சின். பின்னெரிப்பானுடன் சேர்ந்து அது சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரும் என்று கணக்கு. ஆனால் அந்த எஞ்சின் அப்போது முழுமையாக உருவாகியிருக்கவில்லை. மற்ற நாடுகளுக்கு அதில் நாட்டம் இல்லாமற்போகவே, அதை உருவாக்கி முடிக்கும் செலவை இந்தியாவே ஏற்க வேண்டும் என்றார்கள். இந்தியா இசையவில்லை. ஆகவே, பின்னெரிப்பான் இல்லாத ஆர்ஃபியஸ்-703 எஞ்சின்கள் இரண்டை வைத்துப் பறக்க வேண்டியதாயிற்று. அதன் உந்துவிசை சுமார் 2,200 கிலோ.

மாணவர்களைக் கணக்குப் போடச் சொன்னேன். எரிபொருளுடன் மாருத்தின் எடை ஏறத்தாழ 9,000 கிலோ. திட்டமிட்டபடி இரண்டு எஞ்சின்களுமாக 7,400 கிலோ கிடைத்திருந்தால் எடையில் ஐந்தில் நான்கு பங்கு உந்துவிசை இருந்திருக்கும். கிடைத்ததோ 4,400 கிலோ, பாதிக்கும் குறைவு. காற்றுத்தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. மாக் 0.9-இலிருந்து மாக் 2-க்குப் போக, அதே உயரத்தில், தடை ஐந்து மடங்காகும். அதிர்ச்சியலைகளின் பங்கு தனி. மேலே ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து தடை குறையுமே என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். ஆனால் அங்கே எஞ்சினுக்கும் அந்த மெலிந்த காற்றுத்தான் கிடைக்கும். மாருத் ஒலிவேகத்தை ஒட்டியே நின்றுபோனது.

வேறு வழிகளைத் தேடாமல் இல்லை. எகிப்தில் ஆஸ்திரியப் பொறியாளர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் ஈ-300 என்ற எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒரு மாருத்தை அங்கே அனுப்பி அந்த எஞ்சினைப் பொருத்திப் பறந்தும் பார்த்தார்கள். 1969-இல் எகிப்து அத்திட்டத்தையே கைவிட்டது. இங்கே ஆர்ஃபியஸ்-703-க்குப் பின்னெரிப்பான் பொருத்தும் முயற்சி நடந்தது. எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவில் எரியாத ஆக்சிஜன் மிச்சமிருக்கும். அதில் மேலும் எரிபொருளைத் தெளித்து எரிப்பதே பின்னெரிப்பு. உந்துவிசை கூடியது. ஆனால் அதற்காக வால்பகுதியை மாற்றியதில் காற்றுத்தடையும் கூடி, கிடைத்த லாபத்தைத் தின்றது. இவ்வகை விமானம் ஒன்றை 1970 ஜனவரி 10 அன்று பெங்களூரில் சோதித்தபோது, மேலெழும்பிய சிறிது நேரத்தில் அது விழுந்து சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பழைய மெட்ராஸ் சாலையிலிருந்து விமான நிலையத்துக்கு வரும் சாலைக்கு அவர் பெயரே இடப்பட்டுள்ளது. அன்று காலை எங்கள் பஸ் அதன் வழியாகத்தான் வந்தது. பெயர்ப்பலகையை நான் உட்பட யாரும் கவனிக்கவில்லை.

மாருத்தை முழுத் தோல்வி என்று தள்ளுவது சரியன்று. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரையிலக்குகளைத் தாக்குவதற்கு அது நன்கு பயன்பட்டது. ஓர் எஞ்சின் பழுதாகியும் மற்றொன்றின் துணையால் திரும்பி வந்த விமானங்கள் உண்டு. மொத்தம் 147 மாருத்துகள் செய்யப்பட்டன.

மீண்டும் உள்ளே எஞ்சின்கள் இருக்கும் கூடத்துக்குப் போனோம். ஆர்ஃபியஸை உரிமம் பெற்று பெங்களூரிலேயே செய்தார்கள். அப்படியிருக்க, வேறொன்றை நாமே வடிவமைக்க என்ன தடை? வரைபடத்தைப் பார்த்துச் செய்வது வேறு, அந்த வரைபடத்தை உண்டாக்குவது வேறு. இன்றைய போர்விமான எஞ்சின்களில் டர்பைன் அலகுகளைத் தாக்கும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்த அலகு செய்யப்பட்ட நிக்கல் கலவையோ 1,350 டிகிரி அளவிலேயே உருகிவிடும்! அலகின் உள்ளே நுண்ணிய வழிகள் அமைத்துக் காற்றைச் செலுத்திக் குளிர்விக்கிறார்கள். அலகு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். இந்த வித்தையை அறிந்த நாடுகள் மிகச் சிலவே. அவை அதை விற்பதுமில்லை. உடலை வடிவமைக்க ஒரு டாங்க்கை அழைத்துவர முடிந்தது. உலோகவியலை அப்படி அழைத்துவர முடியவில்லை. செலவை மறுத்தவர்களை இன்று குறைசொல்வது எளிது. அன்னியச் செலாவணிக்குத் திண்டாடிய காலம் அது. பிறவாத எஞ்சினை நம்பி உடலை வரைந்ததுதான் பெரிய பிழை என்பது என் எண்ணம்.

2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த தேஜஸுக்கும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின்தான். அதற்காக இங்கே தொடங்கப்பட்ட காவேரி எஞ்சின் எதிர்பார்த்த உந்துவிசையை எட்டவில்லை.

பெங்களூர் செல்ல இயலாதவர்கள் சென்னை கோட்டூர்புரத்திலுள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் ஒரு மாருத்தைக் காணலாம். போனால் மூக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பின்னால் சென்று, அடுத்தடுத்து இருக்கும் அந்த இரண்டு சிறிய புகைவாய்களையும் பாருங்கள்.