அரச பல்கலைக்கழகமும் காசுப் பாய்ச்சற் கூற்றும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நிறுவனத்தின் கணக்கேடு அதன் வரவையும் செலவையும் மட்டும் கூறுவதில்லை. அந்நிறுவனத்தின் பணி யாது, அது யாருக்குப் பொறுப்புக் கூற வேண்டியது என்னும் வினாக்களுக்கான விடையும் அக்கணக்கின் அமைப்பிலே பொதிந்துள்ளது. வணிகன் தன் இலாபத்தை அறியக் கணக்கெழுதுகின்றான். அறக்கட்டளையின் பொறுப்பாளனோ, கொடையாளி விதித்த நோக்கத்துக்கே பணம் செலவாயிற்று என்று காட்டக் கணக்கெழுதுகின்றான். அரச பல்கலைக்கழகம் இவ்விருவருள் எவரைப் போன்றது? ஐக்கிய அமெரிக்காவின் அரச கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் காசுப் பாய்ச்சற் கூற்றுத் தயாரிக்கத் தொடங்கிய வரலாறு, பெரும்பாலும் இவ்வினாவின் வரலாறேயாகும்.

1862ஆம் ஆண்டின் மோறில் சட்டம் கூட்டாட்சி அரசின் நிலங்களை மாநிலங்களுக்கு வழங்கி, அவற்றின் வருவாயைக் கொண்டு கல்லூரிகளை நிறுவ வழிசெய்தது. அந்நிதியோடு மாநிலச் சட்டசபைகளின் ஒதுக்கீடுகளும், தனியார் கொடைகளும், மாணவர் கட்டணங்களும் சேர்ந்தன. ஒவ்வொரு பணமும் தனக்குரிய நிபந்தனையோடு வந்தது. ஆகவே, பணத்தை நோக்கத்தின்படி பிரித்து வைப்பதே கல்லூரிக் கணக்காளரின் முதற் கடமையாயிற்று. காணெகி மன்றம் 1910இல் கல்லூரிகளின் நிதியறிக்கைகளுக்கு ஒரு பொது வடிவத்தை முன்வைத்தது. 1922இல் திரெவர் ஆர்னெற் கல்லூரி நிதி பற்றி எழுதிய நூலும், 1935இல் வெளிவந்த தேசியக் குழுவின் அறிக்கையும் இம்முறையை மேலும் வளர்த்தன. இதுவே நிதியக் கணக்கீடு எனப்பட்டது.

1973இல் அமெரிக்கக் கணக்காளர் நிறுவகம் வெளியிட்ட கணக்காய்வு வழிகாட்டி இம்முறையை உறுதிப்படுத்தியது. நடைமுறை நிதியம், கடன் நிதியம், அறக்கொடை நிதியம், கட்டட உபகரண நிதியம் எனப் பல தொகுதிகள் ஐந்தொகையிலே தனித்தனியாக நின்றன. கொடையாளியின் நம்பிக்கையைக் காப்பதற்கு இது மிக ஏற்ற முறையாகும். ஆயின், பல்கலைக்கழகம் முழுவதற்கும் இவ்வாண்டு எவ்வளவு காசு வந்தது, அது எங்கே சென்றது என்று கேட்பவருக்கு அவ்வறிக்கையில் நேரான விடை கிடைக்கவில்லை. கட்டடங்களின் பெறுமானத் தேய்வும் செலவாகக் காட்டப்படவில்லை. மரங்கள் பல தெரிந்தன. காடு தெரியவில்லை எனலாம்.

மாற்றம் முதலில் வணிக உலகிலிருந்து வந்தது. நிதிக் கணக்கீட்டு நியமச் சபை 1987இல் வெளியிட்ட 95ஆம் இலக்க நியமம் வணிக நிறுவனங்கள் காசுப் பாய்ச்சற் கூற்றுத் தயாரிக்க வேண்டுமென விதித்தது. அதே ஆண்டில் 93ஆம் இலக்க நியமம், இலாப நோக்கற்ற நிறுவனங்கள் பெறுமானத் தேய்வைப் பதிய வேண்டுமென்றது. ஆனால், மாநில, உள்ளூர் அரசுகளுக்கென 1984இல் உருவாகிய அரசாங்கக் கணக்கீட்டு நியமச் சபை, 1988இல் தனது 8ஆம் நியமத்தின் மூலம் அரச கல்லூரிகளை அக்கடப்பாட்டிலிருந்து விலக்கியது. 1993இல் வந்த 117ஆம் இலக்க நியமம் தனியார் பல்கலைக்கழகங்கள் மீது காசுப் பாய்ச்சற் கூற்றையும் விதித்தது. இதனால் ஒரே நகரிலுள்ள தனியார் பல்கலைக்கழகமும் அரச பல்கலைக்கழகமும் ஒரே பணியைச் செய்தும், ஒன்றோடொன்று ஒப்பிட முடியாத கணக்குகளை வெளியிட்டன.

இதனிடையே அரசாங்கக் கணக்கீட்டு நியமச் சபை 1989இல் தனது 9ஆம் நியமத்தை வெளியிட்டிருந்தது. வணிக நிறுவனத்தின் கூற்றில் தொழிற்பாடு, முதலீடு, நிதியிடல் என மூன்று பகுதிகளே உண்டு. இந்நியமமோ நிதியிடலை இரண்டாக வகுத்தது. கட்டடம், உபகரணம் ஆகியவற்றுக்கான கடனும், அதன் வட்டியும், அச்சொத்துக்களின் கொள்வனவும் மூலதன நிதியிடலில் அடங்கின. ஏனைய கடன்களும் மானியங்களும் மூலதனஞ்சாரா நிதியிடல் என்னும் புதிய பகுதியிற் சேர்ந்தன. நீர் வழங்கல், போக்குவரத்து முதலிய அரச தொழில்களை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்ட இப்பாகுபாடே பின்னர் பல்கலைக்கழகத்துக்கும் உரியதாயிற்று.

அத்திருப்பம் 1999இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் 34ஆம் நியமமும், நவெம்பரில் அரச கல்லூரிகளுக்கான 35ஆம் நியமமும் வெளிவந்தன. கட்டணம் பெற்றுச் சேவை வழங்கும் நிறுவனங்கள் வணிக வகைச் செயற்பாடுகளாகத் தம்மை அறிக்கையிட இடமளிக்கப்பட்டது. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் அவ்வழியையே மேற்கொண்டன. பெறுமானத் தேய்வும் காசுப் பாய்ச்சற் கூற்றும் கட்டாயமாயின. ஆண்டு வருமானம் 100 மில்லியன் டொலரும் அதற்கு மேலும் உள்ள அரசுகள் 2001 யூன் 15க்குப் பின் தொடங்கும் நிதியாண்டிலும், சிறியவை அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் படிப்படியாக இம்முறைக்கு மாறின.

இக்கூற்று நேர் முறையிலே தயாரிக்கப்பட வேண்டும் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. வணிக நிறுவனங்கள் தேறிய இலாபத்திலிருந்து தொடங்கிச் சீராக்கங்கள் செய்யும் நேரில் முறையைக் கையாளலாம். அரச பல்கலைக்கழகமோ மாணவரிடமிருந்து பெற்ற காசு, ஊழியருக்குக் கொடுத்த காசு, வழங்குநருக்குக் கொடுத்த காசு என்பவற்றை நேராகவே காட்ட வேண்டும். உதாரணமாக, புலமைப்பரிசிற் கழிவு நீங்கிய கட்டண வருமானம் 50 மில்லியன் டொலர் எனக் கொள்வோம். மாணவரிடமிருந்து வரவேண்டிய தொகை ஆண்டின் தொடக்கத்தில் 6 மில்லியனாகவும் முடிவில் 9 மில்லியனாகவும் இருந்தால், உண்மையிற் கைக்கு வந்த காசு 47 மில்லியனே. ஊழியருக்கு 70 மில்லியனும் வழங்குநருக்கு 17 மில்லியனும் கொடுபட்டால், தொழிற்பாட்டுப் பகுதி 40 மில்லியன் பற்றாக்குறையைக் காட்டும். மாநிலம் வழங்கிய 45 மில்லியன் அதன்கீழ் மூலதனஞ்சாரா நிதியிடலில் இடம்பெறும். மூலதனப் பகுதியில் 8 மில்லியன் வெளிச்சென்று, முதலீட்டில் 2 மில்லியன் உட்வந்தால், ஆண்டிறுதியில் காசு 1 மில்லியனாற் குறைந்திருக்கும். தொழிற்பாட்டு விளைவையும் தொழிற்பாட்டுக் காசையும் இணக்கும் அட்டவணை ஒன்றும் உடன் சேர்க்கப்பட வேண்டும்.

இவ்வுதாரணத்திலுள்ள 40 மில்லியன் பற்றாக்குறை எதனைக் குறிக்கின்றது? அது நிருவாகச் சீர்கேட்டின் அடையாளமன்று. கற்பித்தலுக்கான முழுச் செலவையும் மாணவனிடம் அறவிடுவதில்லை என்று சமூகம் எடுத்த தீர்மானத்தின் அளவே அது. மாநில ஒதுக்கீடு பொருள் விற்றுப் பெற்ற பணமன்று. ஆதலால் அதனைத் தொழிற்பாட்டில் சேர்க்கலாகாது என்பது நியமச் சபையின் தர்க்கம். அதற்கு எதிரான வாதமும் வலியதே. கற்பித்தலுக்கென ஆண்டுதோறும் வரும் பணத்தைத் தொழிற்பாட்டுக்குப் புறம்பானது என்பது பல்கலைக்கழகத்தின் இயல்பைத் திரித்துக் காட்டுவதாகும். கூற்றின் முதற் பகுதியை மட்டும் படிப்பவர், இந்நிறுவனம் நட்டத்தில் இயங்குகின்றது. கட்டணத்தை உயர்த்துக அல்லது துறைகளை மூடுக என்று கூறத் துணிவார். 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல மாநிலங்கள் ஒதுக்கீட்டைக் குறைத்துக் கட்டணங்கள் உயர்ந்தபோது, சுமை அரசிலிருந்து மாணவனுக்கு இடம்பெயர்ந்தது. கூற்றிலோ கட்டணம் உயர உயரத் தொழிற்பாட்டுப் பற்றாக்குறை சுருங்கும். நிறுவனம் முன்னேறுவதாகவே தோன்றும். மாணவனின் கடன் அந்நிறுவனத்தின் கணக்கில் எழுதப்படுவதில்லை.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இப்பாகுபாட்டை மீண்டும் சோதித்தது. விடுதிகள் மூடப்பட்டுப் பல கல்லூரிகள் விடுதி, உணவுக் கட்டணங்களைத் திருப்பிக் கொடுத்தன. அக்காசு தொழிற்பாட்டிலிருந்து வெளிச்சென்றது. அதற்கு ஈடாகக் கூட்டாட்சி அரசு வழங்கிய உயர்கல்வி நிவாரணமோ தொழிற்பாடல்லாத மானியமாகவே கொள்ளப்பட்டது. இழப்பு ஒரு பகுதியிலும் நிவாரணம் வேறொரு பகுதியிலும் நின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்கே உண்மை நிலை புலனாயிற்று.

2024 ஏப்பிரலில் வெளிவந்த 103ஆம் நியமம் இச்சிக்கலை ஓரளவு ஏற்றுக்கொண்டது எனலாம். வருமானச் செலவுக் கூற்றில் தொழிற்பாட்டு விளைவோடு மூலதனஞ்சாரா மானியங்களையும் சேர்த்து ஓர் இடைத்தொகை காட்டப்பட வேண்டுமென அது விதித்தது. பொதுப்பணமின்றிப் பொதுக்கல்வி இயங்காது என்னும் எளிய உண்மை, இவ்வாறு கணக்கின் ஒரு வரியில் இடம்பெற்றுள்ளது.

நிதியக் கணக்கீடு கொடையாளியின் நம்பிக்கையைக் காத்தது. ஆனால் முழுமையை மறைத்தது. காசுப் பாய்ச்சற் கூற்று முழுமையைக் காட்டியது. ஆனால் சமூகத்தின் கடப்பாட்டைப் பற்றாக்குறையின் வடிவிலே காட்டியது. ஆகவே, பல்கலைக்கழகத்தின் எதிர்காலத்தில் அக்கறையுள்ளோர் கணக்கீட்டைக் கணக்காளரிடமே விட்டுவிடுதல் தகாது. எந்தத் தொகை எந்தத் தலைப்பின்கீழ் எழுதப்படுகின்றது என்பது, கல்விக்கு யார் விலை கொடுப்பது என்னும் வினாவோடு பிரிக்க முடியாதவாறு பிணைந்துள்ளது.