மேற்பரப்புத் தன்னமைவு

ஒரு திடப்பரப்பில் படியும் மூலக்கூறுகள், யாரும் அடுக்கி வைக்காமலே, தம்மிடையே உள்ள ஈர்ப்பினால் ஒழுங்காக அமர்வது மேற்பரப்புத் தன்னமைவு. அதை மூலக்கூறு மூலக்கூறாகக் காட்டுவது எஸ்டிஎம் எனும் ஊடுருவல் வருடு நுண்ணோக்கி. சூரிச் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் இருவரும் 1981-இல் இதை உருவாக்கினர். 1986-இன் இயற்பியல் நோபல் பரிசில் பாதி இவர்களுக்குக் கிடைத்தது.

கூரிய உலோக முனை ஒன்று பரப்பைத் தொடாமல், 1 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் வருடிச் செல்கிறது. அந்த இடைவெளியை எலெக்ட்ரான்கள் ஊடுருவிக் கடக்கின்றன. 0.1 நானோமீட்டர் விலகினாலே மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சரிந்துவிடும். கருவியின் கூர்மை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஆயத்தம் வியப்பூட்டும் அளவுக்கு எளிது. கிராஃபைட் துண்டின் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால் மாசற்ற தளம் கிடைத்துவிடும். பிளாட்டினம்–இரிடியம் கம்பியைக் கத்தரியால் இழுத்து வெட்டினால் முனை தயார். நல்ல முனை அமையாமல் திரும்பத் திரும்பக் கம்பியை வெட்டுவதிலேயே நாள் கழிவதும் உண்டு. பிறகு தளத்தின் மேல் கரைசல் ஒரு சொட்டு.

அந்தச் சொட்டில் அடிக்கடி இருப்பது மலேசியாவின் பேராக் மக்களுக்கு அந்நியமல்லாத ஸ்டியரிக் அமிலம். ரப்பரைக் கந்தகத்தோடு பதப்படுத்தும்போது துத்தநாக ஆக்சைடுடன் சேர்ப்பது இதைத்தான். பால்மரங்களை வெட்டிவிட்டு நட்ட செம்பனையின் எண்ணெயிலிருந்தும் இது கிடைக்கிறது. 18 கார்பன் கொண்ட இதன் சங்கிலி 0.254 நானோமீட்டருக்கு ஒருமுறை மடிகிறது. கிராஃபைட்டின் அணு ஒழுங்கோ 0.246 நானோமீட்டர். இந்த நெருக்கத்தால் சங்கிலிகள் தட்டையாகப் படுத்துக்கொள்ள, அமிலத் தலைகள் எதிரெதிரே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைகின்றன. திரையில் பாய் முடைந்ததுபோல் பட்டை பட்டையாகத் தெரியும். முக்கையுள்ள டிரைமெசிக் அமிலமானால் தேன்கூடு போன்ற அறுகோண வலை.

பேராக்கின் புந்தோங்கில் கச்சாங் பூத்தே எனும் கடலைத் தின்பண்டம் போடுகிறவர் தட்டைக் குலுக்குவதைப் பார்த்தால் இந்த ஒழுங்கின் காரணம் பிடிபடும். மெல்லக் குலுக்கினால் கடலைகள் பள்ளம் தேடி நெருங்கி அமரும். பலமாகக் குலுக்கினால் சிதறிவிடும். மூலக்கூறுகளுக்குக் குலுக்கலைத் தருவது வெப்பம். கடலை ஒன்றையொன்று இழுப்பதில்லை, மூலக்கூறுகள் இழுக்கும். உவமை அதோடு நிற்கிறது. பிணைப்புகள் வலுக்குறைந்தவை என்பதால்தான் தவறான இடத்தில் ஒட்டிய மூலக்கூறு கழன்று சரியான இடத்தில் மறுபடி அமர முடிகிறது. வலுத்த பிணைப்பாக இருந்தால் முதல் பிழையே நிலைத்துவிடும்.

எஸ்டிஎம் படம் புகைப்படமன்று. அதன் வெளிச்சத்தில் உயரமும் எலெக்ட்ரான் நிலையும் கலந்திருக்கும். முனையே சில வேளை மூலக்கூறைத் தள்ளிவிடும். மின்கடத்தாத ரப்பர் ஷீட்டின் மேல் இக்கருவி வேலை செய்யாது. அதற்கு 1986-இல் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் மூவரும் அறிவித்த அணுவிசை நுண்ணோக்கி வேண்டும்.