கொழும்புப் பயணத்தில் கலியாணம் கேட்க நினைப்பவர்களுக்கு

எங்கள் ஊர்களில் கலியாணம் கேட்பது பெரியவர்களின் வேலையாக இருந்தது. தரகர் வருவார், சாதகம் பார்ப்பார்கள், பேச்சுக்கால் நடக்கும். பெண்ணிடம் கடைசியாகக் கேட்பார்கள். சில வீடுகளில் அதுவும் இல்லை. இப்போது விரும்பியவர்கள் தாங்களே கேட்கிறார்கள். நேர்முகத்தேர்வு, சான்றிதழ் அலுவல் என்று கொழும்புக்குப் போகும் பயணம் அதற்கு வசதியாகிவிடுகிறது. ஊரில் இருவர் ஒரு தேநீர்க்கடையில் இருந்தாலே கதை பரவும். கொழும்பில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நானும் அப்படித்தான் கேட்டேன், பல பிழைகளோடு. நான் கேட்டவர் முல்லைத்தீவுக்காரி. அவருடைய அப்பா 2009 மே மாதம் வட்டுவாகலில் வைத்துக் காணாமற்போனவர். அவரின் சம்மதத்தோடு, இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பயணமும் தங்குமிடமும்

1990இல் நின்றுபோன வடபகுதி ரயில் சேவை 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. வன்னியிலிருந்து போகிறவர்கள் கிளிநொச்சியில் ஏறலாம். நீண்ட விடுமுறை நாட்களில் இருக்கைகள் விரைவில் முடிந்துவிடும், முற்பதிவு செய்யுங்கள்.

இருவரும் சேர்ந்து போனால் தங்குமிடத்தைத் தனித்தனியாக ஒழுங்கு செய்யுங்கள். அவருக்குச் சொந்தக்காரர் வீடோ தோழியின் அறையோ இருந்தால் நல்லது. நான் வெள்ளவத்தையில் இரண்டு அறைகள் பார்த்திருந்தேன். தாயாருக்கு இடத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "லொட்ஜோ பிள்ளை? இரவில பொலிஸ் வராதோ?"

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை உள்ளிட்ட இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. நமக்குச் சுற்றுலாவாகத் தெரியும் ஊர், முந்திய தலைமுறைக்குச் சோதனைச்சாவடியாகவே நினைவில் நிற்கலாம். ஆகவே எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்பதை வீட்டுக்குச் சொல்லிவிட்டே போங்கள்.

இடமும் நேரமும்

காலிமுகத்திடலை எல்லோரும் நினைப்பார்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல் முடிக்கப்பட்ட நடைபாதை அது. கடலும் இறால் வடையும் குடைக்குக் கீழே இருக்கும் சோடிகளும் என்று எந்த நாளும் கூட்டம். கொழும்பில் ஆண்டு முழுவதும் மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில் சூரியன் மறையும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் வெளித்திருக்கும்.

ஆனால் கூட்டத்துக்கு நடுவில் முழங்காலில் நின்று கேட்காதீர்கள். பலர் பார்க்க, தொலைபேசிகள் படம் பிடிக்க, "இல்லை" என்று சொல்வது எந்தப் பெண்ணுக்கும் கடினம். நீங்கள் கேட்பது கேள்வி என்றால் இரண்டு பதிலுக்கும் இடம் இருக்கவேண்டும்.

எங்களுக்கு வேறொன்றும் நடந்தது. 2022 மே 18இல் போராட்டக்காரர்கள் இதே திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தி, கஞ்சி கொடுத்தார்கள். அதைச் செய்தியாகப் பார்த்திருந்தவர், "அது எந்த இடத்தில?" என்று கேட்டார். தேடிக்கொண்டே இருவரும் நடந்தோம். சூரியன் மறைந்தது. மோதிரம் என் சட்டைப்பையிலேயே இருந்தது.

அவரின் ரிக்கெற் யாரிடம்?

மறுநாள் காலை வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கு அருகே இருந்து தேநீர் குடித்தோம். நான் தொடங்க முன்னரே அவர் கையை நீட்டினார். "முதலில என்ர ரிக்கெற்றைத் தாங்கோ. பிறகு கேளுங்கோ."

திரும்பும் பயணத்துக்கான இரண்டு ரிக்கெற்றும் என்னிடம் இருந்தன. பாதுகாப்பாக இருக்கட்டும் என்றே வைத்திருந்தேன். ஆனால் தூர ஊரில் ரிக்கெற், அறைக் காசு, வழி எல்லாம் ஒருவர் கையில் இருந்தால் மற்றவரின் பதில் சுதந்திரமானதாக இருக்காது. அவருடைய ரிக்கெற்றையும் அறைத் திறப்பையும் அவரிடமே கொடுங்கள். பயணத்தின் முதல் நாளில் கேட்காதீர்கள். பதில் விருப்பமில்லாததாக இருந்தால் மீதி நாட்கள் இருவருக்கும் பாரம். உடனே பதில் சொல்லவும் நெருக்காதீர்கள்.

கேட்ட பிறகு வரும் கேள்விகள்

அவர் "ஓம்" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. "காட் அடிக்கேக்க அப்பாவின்ர பேருக்கு முன்னால அமரர் எண்டு போடச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டார்.

காணாமற்போனவரின் பிள்ளையைக் கலியாணம் கேட்பவர் இதற்குப் பதிலோடு போகவேண்டும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. பல குடும்பங்கள் அதை வாங்க மறுத்தன. 2016இல் வந்த திருத்தம், மரணம் என்று சொல்லாமல் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற இடம் தந்தது. எதை எடுப்பது, எதையும் எடுக்காமல் விடுவதா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தக்கூடாது. தாய் பொட்டு வைத்து மணவறைக்கு வருவதைப் பற்றி உங்கள் வீட்டில் யாராவது கதைப்பார்களானால், அதைக் கலியாணத்துக்கு முன்னரே நீங்கள் பேசித் தீர்க்கவேண்டும்.

பதிவுக்குத் தகப்பன் இல்லாதது தடையல்ல. பொது விவாகச் சட்டத்தின் கீழ் இருவருக்கும் 18 வயது முடிந்திருந்தால் பெற்றோரின் சம்மதக் கையெழுத்துத் தேவையில்லை. பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து 12 நாட்களுக்குப் பின் பதியலாம். அதற்கு முன் தேவையென்றால் விசேட அனுமதி எடுக்கவேண்டும். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள், பிறப்புப் பதியப்பட்டிருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். பதிவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும்; நாட்கள் எடுக்கும், நேரத்தோடு தொடங்குங்கள்.

ஊர் திரும்பி, தாயோடு கதைத்து, இரண்டு கிழமைக்குப் பிறகுதான் எனக்குப் பதில் வந்தது. எங்கள் காட்டில் அவருடைய அப்பாவின் பெயருக்கு முன்னால் "திரு" என்றுதான் அடித்திருக்கிறோம்.