பூனைக்காலி விதையின் சரித்திரம்

சிராங்கூன் சாலைப் பக்கத்து நம்மவருள் பலர், பூனைக்காலி விதை வெறும் மூலிகையாதலால் தீங்கு செய்யாதென்றும், ஆஸ்பத்திரி மாத்திரையே நடுக்குவாதக்காரரின் உடலை ஆட்டிவைக்கிறதென்றும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை எத்துணைப் பிழையானது என்பதை அவ்விதையின் சரித்திரமே காட்டும். எம்போன்ற தோட்டக் கிராணிமார்க்கு அக்கொடியினம் புதிதன்று. ரப்பர், செம்பனைக் கன்றுகளினடியில் மண்மூடப் படரவிடும் கொடியொன்று இவ்வினத்ததே.

நடுக்குவாதத்தை 1817-ல் விவரித்தெழுதியவர் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன். மூளையில் டோபமின் என்னும் பொருள் குன்றுவதை 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச் முதலியோர் கண்டனர். மருந்தோ அதற்கு நெடுநாள் முன்னரே விதைகளுள் உறங்கிக் கிடந்தது. 1913-ல் ஸ்விட்ஜர்லாந்தில் குகன்ஹைம் என்பார் ஐரோப்பிய அவரையொன்றினின்று டோபாவைப் பிரித்தெடுத்து, தாமே 2.5 கிராம் விழுங்கி, கடும் வாந்திக்கு ஆளானார். அம்மருந்தின் பக்கவிளைவு அன்றே தலைகாட்டிற்று.

நிற்க. 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் அதே டோபாவைப் பூனைக்காலி விதையினின்று பிரித்து, இங்கிலாந்தின் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டனர். எல்லாம் பண்டே நம்மிடமிருந்தது என மேடையில் முழங்குவோருள் இவ்விருவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? நம் வைத்திய நூல்கள் விதையைச் சொல்லின. அதனுள் இருப்பது இன்னதென்று சொன்னது சோதனைச்சாலையன்றோ!

1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்பவர் டோபாவைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பெருமளவில் கொடுத்தார். கட்டைபோற் கிடந்தோர் எழுந்து நடந்தனர். ஆனால் அவ்வாறு மருந்துண்டோரிற் பலர்க்கு நாளடைவில் வாய் கோணிற்று, தலை ஆடிற்று, கைகால் தம் வசமின்றி நெளிந்தன. இந்நெளிவு நோயின் நடுக்கமன்று, மருந்தின் செயல். டோபமினைச் சேமித்து அளந்துவிடும் நரம்பணுக்கள் நோய் முற்ற முற்ற மாய்கின்றன. ஏரிக்கரை உடைந்த ஊரில் மழை பெய்தால் வெள்ளம், ஓய்ந்தால் வறட்சி. அதுபோலவே மாத்திரை உச்சத்திலிருக்கையில் நெளிவும், இறங்கியபின் விறைப்பும் காண்கின்றன.

இதைக் கண்ட வீட்டார் சிலர் சாமி வந்ததென்பர். சிலர் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவர். திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் விறைப்பும் கண்டு உயிர்க்கே ஆபத்து நேர்தலுண்டு. மற்றுஞ்சிலர் மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியையும் இரகசியமாய்ச் சேர்ப்பர். இரண்டிலுமுள்ளது ஒரே டோபாவாதலின் அளவு கூடுகிறது, நெளிவும் கூடுகிறது. 2004-ல் லண்டனில் எட்டு நோயாளரிடம் செய்த சோதனையில், அவ்விதைப்பொடி மாத்திரையினும் விரைந்து வேலை செய்தது, நெளிவும் மிகவில்லை என்பது மெய்யே. ஆயின் அது வைத்தியர் எதிரில் நிறுத்துக் கொடுத்த பொடி, கரண்டிக் கணக்கன்று.

நெளிவை அடக்க வழிகளுண்டு. வைத்தியர் வேளைகளைப் பிரிக்கலாம், அளவைக் குறைக்கலாம், அமண்டடின் சேர்க்கலாம். சிராங்கூன் சாலையினின்று அதிக தூரமில்லாத டான் டோக் செங் வளாகத்திலே 1999-ல் தோன்றிய தேசிய நரம்பியல் நிலையம் இருக்கிறது. அங்குச் செல்வோர் மாத்திரைச் சீட்டோடு பொடிப் பொட்டலத்தையும் மேசைமேல் வைத்தல் வேண்டும்.